கைவிட்ட கரும்பு நிலத்தில் எக்ஸ்கவேட்டர் இறங்கினால் உள்ளே என்னென்ன இருக்கும்?

டோங்காட் ஆபரேட்டர்:

புதர் மண்டிய சொந்த நிலத்தை மிஷின் விட்டுச் சுத்தம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். உள்ளே எதைப் பார்த்தீர்கள், எது எதிரில் வந்தது என்று எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டோங்காட்டுக்கும் ஸ்டாங்கருக்கும் நடுவே, முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் உள்ள ஒரு டி.எல்.பி.யும் ஒரு இருபது டன் எக்ஸ்கவேட்டரும் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தாத்தா வாங்கிப் போட்ட கரும்பு நிலத்தின் வாரிசுகள். ஒருத்தர் ஜோஹன்னஸ்பர்க்கில், ஒருத்தர் லண்டனில், நிலத்தில் யாருமே இல்லை. நம் நேட்டால் கடற்கரை ஈரத்தில் கரும்பைக் கைவிட்டால் சில மழைக்காலம் போதும். ஓரத்திலிருந்து உண்ணிச்செடி ஏறும். நடுவில் குரோமோலேனா, அதாவது நாம் பாரஃபின் செடி என்கிறோமே அது, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். பறவை எச்சத்தில் விழுந்த விதையிலிருந்து சிரிங்காவும் பிரேசில் மிளகு மரமும் கிளம்பும். வெளியிலிருந்து பார்த்தால் பச்சைச் சுவர்தான். வேலி எங்கே, வாய்க்கால் எங்கே என்று நிலத்துக்காரருக்கே தெரியாது.

மாம்பா என்கிற விஷப்பாம்பைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். சொல்கிறேன், ஆனால் எனக்கு மாம்பா பயம் அவ்வளவு இல்லை. தரை அதிர ஆரம்பித்ததும் அது விலகிப் போய்விடும். பச்சை மாம்பா மரத்திலேயே வாழ்கிறது, அதனால் கிளையைச் சாய்ப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பேன். உண்மையான ஆபத்து பஃப் ஆடர். அந்த விரியன் ஓடாது. தன் நிறத்தை நம்பி, காய்ந்த சருகோடு சருகாகப் படுத்தே கிடக்கும். மிஷினுக்குள் இருக்கிற எனக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வந்து கொப்புகளை இழுத்துப் போடுகிற பையன்கள்தான் அதன் மேல் காலை வைப்பார்கள். முழங்கால் வரை கெய்ட்டர், அதாவது கால் கவசம், போடாதவனை நான் தரையில் இறக்குவதில்லை. இதற்காக என்னைக் கஞ்சன் என்று யாரும் சொன்னதில்லை, பைத்தியம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே வைக்க வேண்டியது தேனீ. உம்லாலிப் பக்கம் ஒரு பழைய யூக்கலிப்டஸ் மரம் விழுந்து கிடந்தது. பக்கெட்டை அதன் அடியில் கொடுத்துத் தூக்கினேன். அடிமரம் பொந்து. ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் கேபின் கண்ணாடி முழுக்க இருட்டிவிட்டது. வைப்பர் போட்டால் தேனும் இறக்கையுமாக இழுபடுகிறது. நம் ஊர்த் தேனீ இரைச்சலும் அதிர்வும் கேட்டால் கூட்டமாகக் கிளம்பும், வெகுதூரம் துரத்தும். நல்லவேளை கதவு மூடியிருந்தது, ஏசி ஓடியது. ஹார்னை அழுத்திக்கொண்டே பின்னால் எடுத்தேன். தரையில் நின்ற இரண்டு பேரும் எங்கள் பிக்கப் வண்டியான பக்கிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். பக்கியை எப்போதும் வெளியே போகிற பக்கமாகத் திருப்பி, சாவியை அதிலேயே விட்டு நிறுத்துவது எங்கள் வழக்கம். ஓப்பன் கேபின் டி.எல்.பி.யில் இருந்திருந்தால் கதை வேறு.

மலைப்பாம்பும் பார்த்திருக்கிறேன். அதைக் கொல்லச் சொன்ன ஒரு நிலத்துக்காரரிடம், சட்டப் பாதுகாப்பில் இருக்கிற பிராணி, மிஷினை நிறுத்துகிறேன், பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள் என்றேன். காத்திருந்த மணிக்கும் பில் போடுவீர்களா என்று கேட்டார். போட்டேன்.

வெருலம் டீச்சர் (ஓய்வு):

தம்பி, பாம்பைப் பற்றி எழுதிவிட்டீர்கள். எங்கள் நிலத்தில் கிடைத்தது வேறு மாதிரி.

இனாண்டா சாலையை ஒட்டி என் மாமனார் வழி வந்த நிலம். விற்பதற்கு முன் சுத்தம் செய்யலாம் என்று ஒரு எக்ஸ்கவேட்டரை வைத்தோம். ஆபரேட்டர் வயசான ஜூலுக்காரர். காலையில் வந்ததும் மிஷினை அது ஏறி வந்த லோபெட் டிரெய்லரிலிருந்து இறக்கவே இல்லை. 'மா, முதலில் நடந்து பார்க்கிறேன்' என்று ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று என் மகனுக்கு எரிச்சல்.

திரும்பி வந்து எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். உண்ணிச்செடிக்கு நடுவில் ஒரு முள் மரம், நம் இலந்தை ஜாதி. உம்லாஷ்லான்கோசி என்றார். இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்து வர அதன் கிளையைத்தான் எடுத்துப்போவார்கள், குழி மேலும் வைப்பார்கள். மரத்தடியில் நீள்வாக்கில் கற்கள் அடுக்கியிருந்தன. 'பாபா, இது யாருடையது?' என்று கேட்டேன். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடும்பத்தைக் கேளுங்கள் என்றார். கேட்டோம். அவர்களின் கொள்ளுப்பாட்டனாரும் ஒரு குழந்தையும்.

1999ஆம் ஆண்டின் பாரம்பரிய வளங்கள் சட்டப்படி, நகராட்சி நடத்தும் இடுகாட்டுக்கு வெளியே இருக்கிற 60 வருஷத்துக்கு மேற்பட்ட கல்லறையை அனுமதி இல்லாமல் அசைக்கக்கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் அசைத்திருக்க மாட்டோம், அது வேறு விஷயம். கம்பமும் கம்பியும் போட்டு வேலி கட்டினோம். அந்தக் குடும்பம் வந்து போக ஒரு வழி விட்டோம். வாங்க வந்தவர் விலையைக் குறைத்தார். சரி என்று விட்டோம்.

அதே நிலத்தின் மேட்டுப் பக்கத்தில் மாமரம் மூன்று, வரிசையாக. அவற்றின் அடியில் ஒரு கறிவேப்பிலைக் காடே இருந்தது. அங்கே என் நடையே மாறிவிட்டது. காட்டில் மாமரம் வரிசையாக முளைக்காது. தோண்டத் தோண்ட எனாமல் தட்டுத் துண்டு, அம்மிக்கல்லில் பாதி, சிமெண்டுத் தரையின் ஒரு மூலை வந்தன. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களைக் குடிவைத்த லைன் வீடுகள் இந்த மேடுகளில்தான் இருந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மரம்தான் அடையாளம்.

இன்னொரு சங்கடம் சிரிங்கா. அது மலைவேம்பு. வேப்பிலை கிடைக்காத இந்த ஊரில் எங்கள் வீட்டில் மாரியம்மனுக்கு அதைத்தான் வைப்போம், கரகத்துக்கும் அதுதான். சட்டம் அதை ஆக்கிரமிப்பு மரம் என்கிறது, பட்டியலில் இருக்கிறது. என் மாமியார் இருந்திருந்தால் அதைத் தொட விட்டிருக்க மாட்டார். அது விதை போட்டு ஓடைக்கரை முழுக்க எடுத்துக்கொள்வதை நான் கண்ணால் பார்த்துவிட்டதால் வெட்டச் சொன்னேன். ஆடிக்குப் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து கொப்பு வாங்கிக்கொள்கிறேன்.

போர்ட் ஷெப்ஸ்டன்:

எங்கள் அண்ணன் நிலத்தில் ஒரு கான்ட்ராக்டர் டோசரை விட்டு ஒரே மாதிரி வழித்துத் தள்ளிவிட்டார். மேல் மண்ணும் சேர்ந்து குவியலுக்குள் போய்விட்டது. அதில் கடலோர மில்க்வுட் மரங்களும் போயின. அது 1998ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மரம், லைசன்ஸ் இல்லாமல் கிளைகூட வெட்டக்கூடாது. கேட்டால் 'எல்லாம் புதர்தானே அங்கிள்' என்கிறார். விசாரிக்க வந்தவர்கள் தேடியது அண்ணனைத்தான், கான்ட்ராக்டரை அல்ல.

அந்தச் சரிவில் ஒரு வேரும் மிச்சமில்லை. 2022 ஏப்ரல் மழை உங்களுக்கு நினைவிருக்கும், மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்களே. அந்த மழையில் எங்கள் செம்மண் கீழ் வீட்டுக்காரரின் கார் ஷெட் வரை போனது. அடுத்த கோடை முடிவதற்குள் அதே இடத்தில் உண்ணிச்செடி முன்னைவிட அடர்த்தியாக நின்றது. இதற்கு என்னதான் வழி?

டோங்காட் ஆபரேட்டர்:

அண்ணா, சரிவில் டோசரை நான் ஏற்றுவதே இல்லை. பிளேடு செடியை மட்டும் எடுக்காது, மண்ணையும் கிளறி அடியில் தூங்குகிற விதைக்கு வெளிச்சம் காட்டிவிடும். அகேசியா ஜாதியான வாட்டில் மரத்தின் விதை 50 வருஷம்கூட மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். சரிவுக்கு மல்ச்சர் தலை போட்ட மிஷின் நல்லது. மரத்தையும் புதரையும் அரைத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடும், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மணி வாடகை அதிகம்தான். சமதளத்தில் எக்ஸ்கவேட்டருக்கு ரேக் மாட்டினால் வேர் வரும், மண் பல்லிடுக்கில் கீழே உதிர்ந்துவிடும்.

சிரிங்கா, யூக்கலிப்டஸ் இரண்டும் வெட்டினால் சாகாது, அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். அறுத்த சூட்டோடு களைமருந்து தடவ வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெட்டுவாய் மூடிக்கொண்டு மருந்து உள்ளே இறங்காது. அடுத்த மழை முடிந்ததும் முளைத்ததைக் கையால் பிடுங்க ஆள் போட வேண்டும், அதற்கடுத்த வருஷமும்தான். வேலை கேட்டு வருகிறவர்கள் மிஷின் காசை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். இயற்கையான நாட்டுச் செடி மூடிய இடம் 1 ஹெக்டேரோ அதற்கு மேலோ அழிப்பதாக இருந்தால் சுற்றுச்சூழல் ஆய்வு செய்து அனுமதி வாங்க வேண்டும், 20 ஹெக்டேரோ அதற்கு மேலோ என்றால் முழு ஆய்வு. உணர்திறன் மிக்க பகுதி என்று வரையறுத்த இடங்களில் 300 சதுர மீட்டருக்கே அந்தச் சட்டம் வந்துவிடும். எது நாட்டுச் செடி, எது வெளியூர்ச் செடி என்று தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், வைக்க வேண்டிய மரத்துக்கெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். டீச்சரம்மா சொன்ன அந்த பாபா செய்தது முழுக்கச் சரி. நான் நடக்கிற நேரத்துக்குக் காசு வாங்குவதில்லை.

குவியலைக் கொளுத்துகிறவர்கள் குளிர்காலத்தில் பார்த்துச் செய்யுங்கள். உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று என்கிற சூடான வறண்ட காற்று அடித்தால் பக்கத்துக் கரும்பு போய்விடும், பாரஃபின் செடி பச்சையாக இருந்தாலே எரியும். பக்கத்து நிலத்துக்காரருக்கும் உங்கள் பகுதித் தீத்தடுப்புச் சங்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபீனிக்ஸ்:

வெட் ரேட், டிரை ரேட் என்று இரண்டு விலை சொல்கிறார்கள். எதை எடுப்பது?

டோங்காட் ஆபரேட்டர்:

வெட் என்றால் டீசல் அவர்கள் கணக்கில், டிரை என்றால் உங்கள் கணக்கில். சின்ன நிலத்துக்கு வெட் எடுங்கள், தலைவலி இல்லை. ஆபரேட்டர் கூலி அதற்குள் இருக்கிறதா, லோபெட் ஏற்றி இறக்குகிற காசு தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மிஷின் உங்கள் வாசலில் இறங்கியதும் மிஷின் ஓடிய மணியைக் காட்டுகிற அவர்-மீட்டரைப் போனில் ஒரு படம், சாயங்காலம் நிறுத்தும்போது ஒரு படம். பில் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.