இத்தெத்சு நெமோட்டோ: கருணைக்கு எல்லை வேண்டாமா?

மழைக்காகம்:
லானா வில்சன் இயக்கிய 'தி டிபார்ச்சர்' (2017) ஆவணப்படம் பார்த்தேன். ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் நெமோட்டோ என்ற ஜென் குரு, சாக நினைப்பவர்களோடு பேசி அவர்களை மீட்கப் பார்க்கிறார். அவரே இதய நோயாளி. வீட்டில் மனைவி, சின்னப் பையன். அப்படியும் நேரங்காலம் பார்க்காமல் போனை எடுக்கிறார். இதைக் கருணை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

தாமரைக்குளம்:
அண்ணா, ஜப்பானில் குருவைத் தேடுவது பெரும்பாலும் சாவு விழுந்த பிறகுதான். 'ஈமச்சடங்கு பௌத்தம்' என்று அங்கேயே குறை சொல்வார்கள். இவர் சாவுக்கு முன்னால் வந்து நிற்கிறார். 1998 முதல் 14 வருடம் தொடர்ந்து, ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் தற்கொலையில் போன நாடு அது. அவருடைய பயிற்சியில், தமக்குப் பிரியமானவற்றையும் பிரியமானவர்களையும் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டும். கடைசிக் காகிதத்தை விட முடியாமல் தவிக்கும்போதுதான் எதை இழக்கப் போகிறோம் என்று தெரிகிறது. அதை எந்த மாத்திரை தரும்?

மழைக்காகம்:
மாத்திரையை அப்படித் தள்ளிவிடாதே தம்பி. 2006-ல் தற்கொலைத் தடுப்புச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2012-ல் எண்ணிக்கை 30,000-க்குக் கீழே இறங்கியது. தனி ஒருவரின் தியாகத்தை நம்பி அது நடக்கவில்லை.

இரவுப்பணி:
நான் நான்கு வருடம் உதவி எண்ணில் தன்னார்வலராக இருந்தேன். நேரம் முடிந்தால் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட வேண்டும், சொந்த நம்பரைத் தரக்கூடாது. முதலில் அது கல்நெஞ்சமாகத்தான் பட்டது. ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். பௌத்தத்திலும் கருணைக்குப் பக்கத்திலேயே உபேட்சை இருக்கிறது, சமநிலை. இரண்டையும் சேர்த்துத்தான் பழகச் சொல்கிறார்கள்.

தாமரைக்குளம்:
சரி அக்கா, ஆனால் நெமோட்டோவும் அதைக் கற்றவர்தான். உடம்பு படுத்த பிறகு, இனி கோவிலுக்கு நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஒருவர் ஐந்து மணி நேரம் நடந்தே வந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, வாசலுக்கு வரும்போதே தெளிந்துவிட்டாராம்.

மழைக்காகம்:
அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னவர்தான் படத்தில் மறுபடி போனை எடுக்கிறார். அந்தப் பையன் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருக்கிறான்.