நிரந்தர முகவரிக்கு எதை எழுதுவது?

உறவுகளே, ஒரு உதவி. மலையகத் தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய தனிவீட்டுக்குப் போனவர்கள் முகவரியை எப்படி மாற்றினீர்கள்? 'மேற்கணக்கு (தோட்டத்தின் மேல் டிவிசன்), 6ஆம் லயம், 4ஆம் காம்பரா (அறை)' என்று எழுதிப் பழகிய இடத்தில் புது வீட்டுக்கு இலக்கமே இல்லை. கடிதம் இன்னும் தோட்ட ஆபீசுக்குத்தான் போகுது, அங்கே ஒரே பெயரில் நாலு பேர்.

அடையாள அட்டையில் லயம், மின்சார பில்லில் புது வீடு, வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பழைய டிவிசன். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனால் இந்த முரண்தான் கழுத்தைப் பிடிக்கும். கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கோ 'நிரந்தரம்' எதுவென்றே குழப்பம்.

கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலக மேலொப்பம் வரை தெரியும். இடாப்பை முதலில் திருத்துவதா, அடையாள அட்டையையா? பிரதேச சபையில் வீட்டிலக்கம் எடுத்தவர்கள் என்னென்ன கொடுத்தீர்கள்? காணி உறுதி கைக்கு வராதவர்கள் எதைக் காட்டினீர்கள்?