வெள்ளம் வடிந்த திட்டில் முதலில் முளைத்தது

கொள்ளிடக்கரையான்:
எங்கள் ஊர் கொள்ளிடத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. நாதல்படுகை, முதலைமேடு திட்டு என்று ஊர்ப்பெயரே ஆற்றைச் சொல்லும் பகுதி. 2022 ஆகஸ்டில் மேட்டூரில் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது எங்கள் படுகைக் கொல்லை மொத்தமும் முழுகியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், கத்தரி இருந்த இடத்தில் முட்டியளவு மணல். ஓரத்து நாணல் புதரைக்கூடக் காணோம். தொலைந்தது என்று நான் சொல்ல, அப்பா மட்டும் "இருடா, பார்ப்போம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மணலைக் கிழித்துக்கொண்டு ஊசி ஊசியாக நாணல் குருத்து. ஒன்றைக் கையாலேயே தோண்டினேன். முழங்கை வரை உள்ளே போயும் பழைய தண்டு முடியவில்லை. மணலுக்குள் சாய்ந்து கிடந்த தண்டில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர், அதே கணுவிலிருந்து மேல்நோக்கி ஒரு குருத்து. வெள்ளம் புதைத்ததையே யாரோ கரும்புக் கரணை நட்டது மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறது! (இலை விளிம்பு விரலை அறுத்தது தனிக்கதை.)

அப்புறம்தான் மற்றவை வந்தன. ஈரம் நின்ற பள்ளத்தில் கோரை, ஆற்றலரி. தரையோடு தரையாகப் பொடுதலை. அடுத்த வெள்ளத்தின் வண்டல் நாணல் தூரில் தங்கி, அந்த இடம் மட்டும் அரையடி மேடாகிவிட்டது. மேட்டில் ஒரு நொச்சி தானாக வந்திருக்கிறது.

பொருநைக்காரர்:
உங்களுடையது மணல் ஆறு. எங்கள் பக்கம், தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடத்தில், பாறை இடுக்குதான். அங்கே காட்டலரி என்று ஒரு செடி. இலை அரளி மாதிரி ஒடுக்கமாக இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு போனபோது கிளையெல்லாம் தண்ணீர் போன திசையில் சாய்ந்து, பிளாஸ்டிக்கும் வைக்கோலும் கிழிந்த வேட்டியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு செடியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை.

கீழே சமவெளியில் எங்கள் தெரு ஓரத்துக் கரை சரிந்து தென்னை நாலும் போயின. பக்கத்திலேயே இருந்த மருது, பாதி வேர் வெளியே தெரிய நிற்கிறது. வேருக்குள் ஒரு ஆள் உட்காரலாம்.

கரூர்ப் பக்கம்:
கொடுத்துவைத்தவர்கள். எங்கள் பகுதியில் மணலைக் களி தெரிகிற வரை அள்ளிவிட்டார்கள். நாணல் போய் சீமைக்கருவேலம் வந்தது. ஆனால் ஒரு சந்தேகம். கருவேலமும் மண்ணைப் பிடிக்கத்தானே செய்கிறது? ஏன் எல்லாரும் திட்டுகிறீர்கள்?

கொள்ளிடக்கரையான்:
பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளத்தில் நாணல் படுத்துவிடும், தண்ணீர் அதன் முதுகு மேலே ஓடிவிடும். கருவேலம் விறைத்துக்கொண்டு நிற்கும். ஆற்றுக்கு நடுவில் அப்படி ஒரு தோப்பு நின்றால் தண்ணீர் ஒதுங்கிப் போய் எதிர்க்கரையைத்தானே அறுக்கும்? எதிர்க்கரையில் கொல்லை வைத்திருப்பவனைக் கேட்டால் தெரியும்.

கரூர்ப் பக்கம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். நாணலும் தர்ப்பையும் ஒன்றுதானா?

பொருநைக்காரர்:
இல்லை. எங்கள் ஊர்ப் புரோகிதரிடம் நாணலை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். தர்ப்பை குட்டை. நாணல் ஆளுயரத்தைத் தாண்டும், வெள்ளைக் குஞ்சமாகப் பூக்கும்.

கொள்ளிடக்கரையான்:
இந்த வருடம் படுகையில் வெள்ளரி போட்டிருக்கிறோம். ஆற்றைப் பார்த்த ஓரத்தில் நாலு முழம் நாணலுக்கு விட்டாயிற்று. அப்பா அதில் மாட்டைக்கூட மேய விடுவதில்லை.