பெருந்தொற்று மீட்பு நிதியில் மீதமுள்ள 35 லட்சம் டாலர்: மாநிலம் திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: நியூ ஜெர்சி பெற்றோர் ஒருவர், 2022 நவம்பர்

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் நடுத்தர அளவிலான ஒரு பள்ளி மாவட்டத்தில் என் பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். பெருந்தொற்று மீட்பு நிதியை எப்படிச் செலவிடலாம் என்று கருத்துக் கேட்பதற்காக மாவட்டம் அமைத்திருக்கும் ஆலோசனைக் குழுவில், பெற்றோர் சார்பில் செப்டம்பர் முதல் இருக்கிறேன். வங்கியில் வேலை செய்வதால் கணக்கு எனக்குப் புதிதல்ல. ஆனால் அரசு மானியக் கணக்கின் போக்கு இன்னும் பிடிபடவில்லை.

2021 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தின் வழியாக, எஸ்ஸர் என்று எல்லோரும் சொல்லும், பள்ளிகளுக்கான கூட்டாட்சி அவசரகால நிதியின் மூன்றாம் தவணையாக, எங்கள் மாவட்டத்துக்கு 60 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. முகக்கவசம், கிருமிநீக்கம், கடந்த கோடைக்காலப் பள்ளி, கூடுதல் செவிலியர் என 25 லட்சம் செலவாகிவிட்டது. மீதி 35 லட்சத்துக்கு நிர்வாகம் தீட்டியிருக்கும் திட்டம் இதுதான்: எட்டு புதிய ஆசிரியர்களுக்கு 15 லட்சம், பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தின் காற்றோட்ட அமைப்பை மாற்ற 13 லட்சம், குரோம்புக் கணினிகளுக்கு 4 லட்சம், வீட்டிலிருந்தபடியே பிள்ளைகள் பாடச் சந்தேகம் கேட்கக்கூடிய ஒரு மென்பொருளுக்கு நான்காண்டுச் சந்தாவாக 3 லட்சம். கடைசி இரண்டையும் கூட்டினால் 7 லட்சம் வருகிறது. மீதித் தொகையில் அது சரியாக 20 விழுக்காடு. ஆகவே கற்றல் இழப்புக்கான கட்டாய ஒதுக்கீடு நிறைவேறிவிட்டது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள்.

மாநிலக் கல்வித் துறை அதை இரண்டே வரிக் குறிப்போடு திருப்பி அனுப்பிவிட்டது: 20 விழுக்காட்டுக் கணக்கு தவறு, காற்றோட்டப் பணிக்கு முன்அனுமதி இல்லை. டிசம்பர் கூட்டத்துக்குள் திருத்தியாக வேண்டும். தவறு எங்கே இருக்கிறது, எதை மாற்றினால் விண்ணப்பம் ஏற்கப்படும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: வேறொரு மாநிலத்தில் பள்ளி மாவட்ட நிதிப் பிரிவில் பணிபுரிபவர்

அம்மா, தவறு முதல் கணக்கிலேயே இருக்கிறது. 20 விழுக்காடு என்பது மீதியின் மேல் அல்ல, ஒதுக்கப்பட்ட முழுத் தொகையின் மேல். 60 லட்சத்துக்கு 12 லட்சம். நல்ல செய்தி என்னவென்றால், ஏற்கெனவே செலவழித்ததிலிருந்தும் தகுதியுள்ளதை இதில் சேர்த்துக்கொள்ளலாம். கடந்த கோடைக்காலப் பள்ளிக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டு எழுதுங்கள்.

கெட்ட செய்தி, நீங்கள் காட்டிய 7 லட்சம் நிற்காது. அந்த 20 விழுக்காடு கற்றல் இழப்பை ஈடுகட்டும், ஆய்வுச் சான்றுள்ள செயல்பாடுகளுக்குப் போக வேண்டும் என்றும், பெருந்தொற்றால் அதிகம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தேவையைக் கவனிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கோடைக்காலப் பள்ளி, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்பு, நீட்டித்த பள்ளி நாள் ஆகியவற்றைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. கணினி என்பது கருவி. பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டால் அது கற்பித்தல் ஆகிவிடாது. மற்ற 80 விழுக்காட்டில் கணினி வாங்கத் தடையில்லை, ஆனால் இந்தக் கட்டத்துக்குள் அதை எழுதாதீர்கள்.

அடுத்தது, குழுவில் ஒருவர் விடாமல் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது: தேதி. இந்தத் தவணைக்கான கடப்பாட்டுக் கெடு, அதாவது பணத்தை இன்ன செலவுக்கு என்று உறுதியாகக் கட்டுப்படுத்தியாக வேண்டிய கடைசி நாள், 2024 செப்டம்பர் 30. அதிலிருந்து 120 நாளுக்குள், அதாவது 2025 ஜனவரி 28க்குள், பட்டுவாடா முடிய வேண்டும். கடப்பாடு எந்த நாளில் ஏற்பட்டதாகக் கொள்வது என்பது செலவுக்குச் செலவு மாறும். பொருள் வாங்குவதற்கும் வெளி ஒப்பந்ததாரரின் பணிக்கும், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஏற்படும் நாளே கடப்பாட்டு நாள். உங்கள் சொந்த ஊழியரின் சம்பளத்துக்கோ, அவர் வேலை செய்த நாள்தான் கடப்பாட்டு நாள். ஆசிரியரோடு 2024 ஆகஸ்டில் ஓராண்டு ஒப்பந்தம் போட்டாலும், அக்டோபர் முதல் நாள் அவர் நடத்தும் வகுப்புக்கு இந்த நிதியிலிருந்து ஒரு காசு கொடுக்க முடியாது. எட்டு ஆசிரியர்களை நிரந்தரப் பணியிடமாகக் காட்டினால், அவர்களுடைய மூன்றாம் ஆண்டுச் சம்பளம் எந்த வரவிலிருந்து வரும் என்பதை இப்போதே கேளுங்கள். ஒருமுறை வந்த பணம் தீர்ந்து செலவு மட்டும் தொடரும் இந்த நிலையை நிதிப் பிரிவுகளில் நாங்கள் விளிம்பு என்போம். எங்கள் மாவட்டமும் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

காற்றோட்டப் பணி தாராளமாக அனுமதிக்கப்பட்ட செலவு. ஒருமுறை வரும் பணத்தை ஒருமுறை செய்யும் வேலைக்குப் போடுவது என்பதால், உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் மூலதனச் செலவுக்கு மாநிலத்தின் எழுத்துப்பூர்வ முன்அனுமதி வேண்டும். கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினால் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அந்த வட்டாரத்தில் நிலவும் கூலியைக் கொடுத்து, வாரந்தோறும் சான்றளித்த ஊதியப் பட்டியலை ஒப்பந்ததாரரிடமிருந்து வாங்கி வைக்க வேண்டும். தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் பெரிய முடிவுகள் அல்ல, காணாமல் போன இந்தப் பட்டியல்கள்தான்.

பதில் 2: டென்னசி தொடக்கப்பள்ளி ஆசிரியை

மென்பொருளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பிள்ளை தானே உள்நுழைந்து கேட்டால்தான் உதவி என்ற ஏற்பாடு, கேட்கத் தெரிந்த பிள்ளைக்கே பயன்படும். கலிபோர்னியாவில் ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமத்தில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பள்ளிகள்) அப்படிப்பட்ட சேவையை ஆராய்ந்தவர்கள் இந்த ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, 19 விழுக்காடு மாணவர்கள் மட்டுமே ஒரு முறையாவது அதைத் தொட்டிருக்கிறார்கள்; படிப்பில் திணறியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். இதற்கு நான்காண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டுவது, அதுவும் கெடு முடிந்து ஈராண்டுக்கு மேல் நீளும் சந்தா, நியாயமான, தேவையான செலவு என்று மாநிலத்தை நம்பவைப்பது கடினம்.

சான்றுள்ளது வேறு வகை. எங்கள் மாநிலம் 2021 முதல் நடத்தும் திட்டத்தில், மூன்று அல்லது நான்கு பிள்ளைகளை ஒரே பயிற்றுநரிடம், பள்ளி நேரத்துக்குள்ளேயே, வாரத்தில் பல நாள் அரை மணிக்குக் குறையாமல் உட்காரவைக்கிறோம். என் வகுப்பில் ஒரு சிறுவன் இரண்டாம் வகுப்பு முழுவதையும் வீட்டில் ஐபேடின் முன்னால் கழித்தவன். கடன்வாங்கிக் கழித்தல் என்றாலே பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். ஆறு வாரம் கழித்து அவன் பென்சிலை வைக்கவில்லை, விடை தவறினாலும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். இதை அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் பார்த்ததைச் சொல்கிறேன். நாடு தழுவிய என்.ஏ.இ.பி. தேர்வின் முடிவு போன மாதம்தான் வந்தது. 2019ஐ ஒப்பிட்டால் நான்காம் வகுப்புக் கணிதம் 5 புள்ளி, எட்டாம் வகுப்புக் கணிதம் 8 புள்ளி சரிந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்திலும் கணிதத்தையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3: பென்சில்வேனியா, வரி செலுத்துபவர்

சட்டம் அனுமதிப்பதாலேயே ஒரு செலவு நல்லதாகிவிடாது. இந்த நிதிக்கு, உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கூட்டாட்சிப் பணத்தை வைக்கக் கூடாது என்ற வழக்கமான தடை கிடையாது. விஸ்கான்சினில் ஒயிட்வாட்டர் மாவட்டம் தனக்கு வந்த 20 லட்சம் டாலரில் பெரும்பகுதியை வழக்கமான செலவுகளுக்கு வைத்துக்கொண்டு, அதனால் விடுபட்ட உள்ளூர்ப் பணம் 16 லட்சத்தில் செயற்கைப் புல் மைதானம் போட்டதாக 2021இல் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. விதி மீறல் எதுவும் இல்லை. குழுவில் இருப்பவர்கள் எஸ்ஸர் பட்டியலை மட்டும் பார்க்காமல், அதனால் உள்ளூர் வரவுசெலவில் எந்தச் செலவினத்தின் பணம் விடுபடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

கேட்டவர், 2022 டிசம்பர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாவட்டத்தின் நிதிப் பொறுப்பாளரான பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டரைச் சந்தித்துக் கணக்கைத் திரும்பப் போட்டோம். கடந்த கோடைக்காலப் பள்ளிக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கிறது. அதே அளவில் 2023, 2024 கோடைகளுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். பள்ளி நேரச் சிறுகுழுப் பயிற்சிக்கு 5 லட்சம். ஆக 12 லட்சத்து 20 ஆயிரம். மென்பொருள் போய்விட்டது, குரோம்புக் உள்ளூர் வரவுசெலவுக்குப் போகிறது. ஆசிரியர் எண்ணிக்கை எட்டிலிருந்து ஆறாகிறது. காற்றோட்டப் பணி உட்பட எல்லாம் போக மிஞ்சும் 95 ஆயிரத்தைக் கோடைக்காலப் பேருந்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பைச் சேர்க்கச் சொன்னது நான். திட்டம் பெற்றோருக்குப் புரியும் மொழியில், இயன்றவரை, இருக்க வேண்டும், இல்லையேல் வாய்மொழியாக விளக்க வேண்டும் என்று விதியில் இருந்தும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே வந்திருந்தது. தமிழ், தெலுங்கு, குஜராத்தி பேசும் தாத்தா பாட்டிகள்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிடுகிறார்கள்.

காற்றோட்டப் பணியை வேண்டாம் என்று சொல்ல ஒரு உறுப்பினர் முனைந்தார். அவரை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அறைக்கு அழைத்துப் போனோம். சன்னலுக்குக் கீழே இரும்புப் பெட்டியாக ஓடும் பழைய வென்டிலேட்டர். அதன் மேல் பிள்ளைகளின் ஈரக் கையுறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எழுத்துக்கூட்டல் தேர்வு தொடங்கியதும் ஆசிரியை எழுந்துபோய் அதை அணைத்தார், ஏனென்றால் அது ஓடினால் கடைசி வரிசைக்கு அவர் குரல் கேட்காது. இருபத்து நான்கு பிள்ளைகள் மூடிய அறையில் காற்றில்லாமல் தேர்வு எழுதினார்கள். அதன் பிறகு அந்த உறுப்பினர் எதிர்த்துப் பேசவில்லை.

பதில் 1ஐ எழுதியவர் மீண்டும்

கணக்கு சரி. இன்னும் இரண்டு விஷயங்கள். ஆறு ஆசிரியர்களுக்கும் பணி ஆணையிலேயே முடிவுத் தேதியை எழுதிக் கொடுங்கள். ஓய்வுபெறவிருப்பவர்களின் பட்டியலை எடுத்துவைத்து, காலியாகும் இடத்துக்கு இவர்களை நகர்த்தும் வழி உண்டா என்று இப்போதே பாருங்கள். காற்றோட்டக் கருவிகள் கிடைக்கத் தாமதமானால், ஒப்பந்தம் கெடுவுக்குள் கையெழுத்தாகியிருக்கும் பட்சத்தில், பட்டுவாடாவுக்கு மட்டும் நீட்டிப்புக் கேட்கலாம் என்று கூட்டாட்சிக் கல்வித் துறை இந்த ஆண்டு மே மாதம் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர்களின் சங்கத்துக்கு எழுதியிருக்கிறது. கடப்பாட்டுக் கெடுவிலிருந்து 18 மாதம் வரை, அதாவது 2026 மார்ச் வரை போகலாம். ஆனால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். அது சலுகை, கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளவும் கூடும்.

கேட்டவர், 2025 மே

இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன். விண்ணப்பம் 2023 ஜனவரியில் ஏற்கப்பட்டது. சிறுகுழுப் பயிற்சி இரண்டு பள்ளிகளில் நன்றாக நடந்தது, மூன்றாவதில் பயிற்றுநர் கிடைக்காமல் பாதி ஆண்டு வீணானது. ஆறு ஆசிரியர்களில் நால்வர் ஓய்வுபெற்றோர் இடங்களுக்குப் போனார்கள், இருவருக்குப் பணி நீட்டிக்கப்படவில்லை. அவர்களில் ஒருவர் என் மகளின் கணித ஆசிரியை. முடிவுத் தேதி ஆணையில் இருந்ததால் அவருக்கு அது அதிர்ச்சியாக இல்லை என்று அவரே சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

காற்றோட்டப் பணிக்கு 2023இல் வந்த ஒப்பந்தப்புள்ளிகள் மிக உயர்வாக இருந்ததால் ரத்து செய்து, 2024 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. கெடுவுக்கு ஆறு வாரம் முன்பு. நீட்டிப்புக் கேட்டோம், கிடைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெரும்பகுதி வேலை முடிந்து, ஒப்பந்ததாரரின் கடைசி விலைப்பட்டியல் 2025 மார்ச் மாதம் வந்தது. மார்ச் 28, வெள்ளிக்கிழமை, கல்விச் செயலர் லிண்டா மெக்மஹோனின் கடிதம்: நீட்டிப்புகள் அனைத்தும் அன்று மாலை 5 மணியோடு முடிந்தன என்று. கடிதத்தை நாங்கள் படிக்கும்போதே மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஏப்ரலில் நியூ ஜெர்சி உள்ளிட்ட மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் வழக்குத் தொடுத்தன. இந்த மாதத் தொடக்கத்தில் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் வழக்குத் தொடுத்த மாநிலங்களைப் பொறுத்தவரை அந்த முடிவுக்கு இடைக்காலத் தடை விதித்திருக்கிறது. ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய கடைசித் தொகையை மாவட்டம் தன் சேமிப்பு நிதியிலிருந்து இப்போதைக்குக் கொடுத்துவிட்டு, ஈட்டுக் கோரிக்கையை மாநிலத்திடம் அனுப்பிவைத்துக் காத்திருக்கிறது.

அந்தக் கோரிக்கையோடு இணைத்தவை: தேதியிட்ட ஒப்பந்தம், மாநிலத்தின் முன்அனுமதிக் கடிதம், நீட்டிப்பு ஆணை, பத்தொன்பது வாரத்து ஊதியப் பட்டியல்கள். ஒரு பட்டியலில் மேற்பார்வையாளரின் கையெழுத்து விடுபட்டிருந்தது. நேற்றுதான் அதைத் தேடிப் பிடித்து வாங்கினோம்.