ஊர் மாறினால் ஒவ்வாமையும் மாறுகிறதா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மெல்பேணிலிருந்து:

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஆஸ்துமாவைத் தொய்வு என்றுதான் சொல்வார்கள். மாரி தொடங்கி, பெட்டகத்தில் கிடந்த போர்வைகளை அம்மா உதறி எடுக்கும் நாட்களில் எனக்கு இழுக்கத் தொடங்கும். பனி பட்டுவிட்டது என்று தலையைத் துடைத்து விடுவார்களே தவிர, போர்வையை யாரும் சந்தேகித்ததில்லை. இங்கு வந்த முதல் மூன்று ஆண்டுகள் தொய்வு எட்டியும் பார்க்கவில்லை. நான்காம் ஆண்டு ஒக்டோபரில் கண் அரிப்பும் அடுக்குத் தும்மலும் வந்தன. ஹே ஃபீவர், அதாவது மகரந்தத்தால் வரும் மூக்கு ஒவ்வாமை தானே என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்வந்தேன்.

2016 நவம்பர் 21 அன்று பகலில் 35 டிகிரியை ஒட்டிய வெயில். மாலையில் குளிர்காற்று ஒன்று திடீரென்று அடித்தபோது நான் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை. வைத்தியசாலை நடையில் கதிரை கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றவர்களில் நம்மவர் முகங்கள் அதிகம் என்பதை அந்த நிலையிலும் கவனித்தேன். அது என் கற்பனையன்று: இந்திய, இலங்கை, தென்கிழக்கு ஆசிய வழிவந்தோர் மக்கள்தொகை விகிதத்தை மீறிப் பாதிக்கப்பட்டதும், ஆஸ்துமா இருப்பதாக அறியாமல் ஹே ஃபீவர் மட்டுமே கொண்டிருந்த பலர் அன்றைய இடிமழை ஆஸ்துமாவில் சிக்கியதும் பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரிந்தன. 30 மணி நேரத்தில் வழமையைவிட 3,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தனர். 10 பேர் இறந்தனர்.

நகரின் வடக்கிலும் மேற்கிலும் பரந்துகிடக்கும் ரைகிராஸ் புல்லின் மகரந்தம் முழுமணியாக இருக்கும்வரை மூக்கோடு நின்றுவிடும்; இடிமேகத்தின் ஈரத்தில் அது ஊறி வெடித்தால், உள்ளிருக்கும் நுண்துகள்கள் மழைக்கு முந்திய காற்றோடு இறங்கி நுரையீரலின் ஆழம்வரை போய்விடுகின்றன.

பிறகு, ஒவ்வாமைப் பொருட்களைத் துளித்துளியாக வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனையில் முன்கையில் இரண்டு தடிப்புகள் எழுந்தன. போர்வைத் தூசில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிக்கு எழுந்தது ஊரிலிருந்து கொண்டுவந்தது. ரைகிராஸுக்கு எழுந்த பெரியது இங்கு சம்பாதித்தது.

பெங்களூரிலிருந்து:

சென்னையில் எனக்கு வீட்டைப் பெருக்கினால்தான் தும்மல் வரும். மாற்றலாகி இங்கு வந்தபின் வீதியில் நடந்தாலே மூக்கில் நீர் ஒழுகியது. வாசலில் வண்டி இருக்கையெல்லாம் மஞ்சளாகப் பூ உதிர்க்கும் மரத்தைத்தான் தெருவே குற்றம் சொன்னது. நானும் அதை வெட்டச் சொல்லி மனுக் கொடுக்க இருந்தேன். பரிசோதனையில் அகப்பட்டதோ, பக்கத்துக் காலி மனையில் இடுப்பளவு வளர்ந்து பொடிப்பொடியாக வெள்ளைப்பூ பூத்திருந்த பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் முதலில் தென்பட்ட அந்தக் களை இன்று தமிழ்நாட்டிலும் உண்டு என்றாலும், நான் குடியிருந்த கடற்கரைப் பக்கத்தில் அதை இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்ததில்லை. வெறுங்கையால் பிடுங்கப் போகாதீர்கள். என் கணவருக்கு மணிக்கட்டு வரை தோல் தடித்துவிட்டது.

ரொறன்ரோவிலிருந்து:

எனக்கு வசந்தத்தில் பேர்ச் மரம். அதைவிட வியப்பு, பச்சை ஆப்பிளைக் கடித்தால் உதடும் அண்ணமும் அரிப்பதுதான்; பேர்ச் மகரந்தத்தில் இருப்பதை ஒத்த புரதம் அப்பழத்திலும் இருக்கிறதாம். வேகவைத்தால் ஒன்றும் செய்வதில்லை. மெல்பேண் அண்ணாவிடம் ஒரு கேள்வி: உங்களுக்குச் செய்த பரிசோதனையில் நம் ஊர்ப் பொருட்களும் இருந்தனவா?

மெல்பேணிலிருந்து:

முதலில் இல்லை, தம்பி. வெப்பநாடுகளில் மிகுதியாகக் காணப்படும் புளோமியா என்னும் தூசு உண்ணியையும் கரப்பான் பூச்சியையும், எங்கே வளர்ந்தேன் என்று நானாகச் சொன்ன பிறகே சேர்த்தார்கள். இன்னொன்று: ஒவ்வாமை மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தும்படி சொல்லியிருந்தும் நான் மறந்துபோய் முதல்நாள் இரவு ஒன்றைப் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் துளிக்கே என் கை அசையாமல் கிடந்ததைப் பார்த்த தாதி, சிரித்துக்கொண்டே அடுத்த மாதத்துக்குத் தேதி எழுதித் தந்தார்.