கருப்பு கார் முழுக்க வெள்ளைப் புள்ளி

ரங்கூன் தாம்வேயில இருக்கேன். வீட்டுல ஆழ்குழாய்த் தண்ணிதான். திஞ்சான் (பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழா) முடிஞ்ச மறுநாள் மத்தியானம் காரைக் கழுவினேன். காய்ஞ்சதும் பானெட் பூரா கோலமாவு தெளிச்ச மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

— அண்ணே, சித்திரை வெயில்ல கழுவலாமா? துணி எடுக்கப் போறதுக்குள்ள தண்ணி ஆவியாகிடும், அதுல இருக்கிற சுண்ணாம்பும் மெக்னீசியமும் தங்கிடும். விடியக்காலம் நிழல்ல வச்சு, கூரை, கதவுன்னு பகுதி பகுதியா கழுவி உடனே துடைங்க.

— கடைசி அலசலுக்கு 20 லிட்டர் குடிதண்ணி கேன்ல பாதி போதும், கஞ்சத்தனம் வேணாம். பீச்சி அடிக்காதீங்க, குவளையால கூரையிலிருந்து மெதுவா வழிய விடுங்க. தண்ணி படலமா இறங்கிடும், துளியா நிக்காது. அப்புறம் மைக்ரோஃபைபர் துணியை விரிச்சுப் போட்டு இழுங்க, தேய்க்க வேணாம். நான் பழைய லுங்கியால துடைச்சு வாங்கின கீறல் இன்னும் இருக்கு. சைடு கண்ணாடிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தண்ணியையும் விடாதீங்க, அப்புறமா வழிஞ்சு கோடு போடும்.

— பழைய புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி. ஒரு நிமிஷம் ஊறவிட்டு அலசிடுங்க.

நன்றி தம்பிகளா. வினிகர்ல பானெட் சுத்தமாயிடுச்சு. டிக்கியில மட்டும் ரெண்டு மூணு மிச்சம்.