நாய்ப் பூங்கா: வேலி, வாசல், தரை எப்படி?

கேள்வி: கோவையில் எங்கள் லேஅவுட்டில் 8 சென்ட் பொது இடம் இருக்கு. நாய்களை அவிழ்த்துவிட எப்படி அமைக்கலாம்?

பதில் 1: 5 அடி செயின்லிங்க் வேலி. அடியில் அரையடி மண்ணுக்குள் புதையுங்கள், இல்லாவிட்டால் தோண்டி வெளியே போய்விடும். வாசலுக்கு இரண்டு கதவு, நடுவில் 6 அடிக்கு 6 அடி கூண்டு. வெளிக்கதவைச் சாத்தி, அங்கேயே நாயைப் பிடித்திருக்கும் வாரைக் கழற்றிவிட்டு உள்கதவைத் திறக்கணும். வாரோடு உள்ளே போகும் நாய் விலகி ஓட முடியாமல் சீறும். சண்டை பெரும்பாலும் வாசலில்தான் மூளும்.

பதில் 2: 8 சென்ட்டைப் பெரிய நாய், சின்ன நாய் என இரண்டாகப் பிரிக்காதீங்க, ஓட இடமிருக்காது. நேரத்தைப் பிரிங்க.

பதில் 3: தரைக்கு 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுங்க. தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் பயம். அரளி கூடவே கூடாது, செடி முழுக்க விஷம்.